நாலு கட்டமும் நைனாவும்

பேரப்பிள்ளை பிறந்த சேதி வந்ததும் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். துணியை விலக்கிக் காதைப் பார்க்கிறோம், கால் விரலைப் பார்க்கிறோம், பிறகு யார் வீட்டுச் சாயல் என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி குடிக்கிறோம். போன மாதம் நானும் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. அப்படிப்பட்ட ஒரு தீர்ப்பு, நான் பத்தாவது படித்த வருடம், என் அம்மாவின் தலையில் வந்து விழுந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

அப்போது நாங்கள் மண்ணூர்பேட்டையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஒரு நாள் பிஸ்கட் வாசனை வரும், இன்னொரு நாள் கருகின ரப்பர் வாசனை வரும். நைனாவின் சட்டையில் மட்டும் எப்போதும் ஒயர் மேல்தோல் உருகின வாசனைதான். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரைப் பெற்றவர்கள் நூம்பலில் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் ஃபேக்டரி வாசலை மிதித்தவர் நைனா. சேர்த்துவிட்டது அத்தையின் புருஷன். நைனாவுக்கு அத்தை கூடப்பிறந்த அக்கா. அந்த மாமா அங்கே ஃபோர்மேன்.

பெரிய மோட்டார்களை ஓட்டுகிற இரும்புப் பெட்டிகளைச் செய்கிற சின்னக் கம்பெனி அது. பேனல் போர்டு என்பார்கள். அந்தப் பெட்டிக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை என்று நரம்பு நரம்பாக ஒயர் ஓடும். அதை இழுத்து முடுக்குவது நைனாவின் வேலை. கை மெதுவாகத்தான் போகும், ஆனால் தப்பு வராது என்று பெயர். ஒயர்ச் சுருள்களைத் தன் கையால்தான் அலமாரியில் அடுக்குவார். யாராவது ஒன்றை இடம் மாற்றி வைத்தால் அன்று முழுக்கச் சண்டை. முடித்த பெட்டியை சோதனை விளக்கால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்க்காமல் மூட மாட்டார். பையில் டெஸ்டர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார். ஒயருக்குள் இருக்கும் செம்பைத் திருடுவதால்தான் அந்த அலமாரியை இப்படிக் காவல் காக்கிறான் என்று கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. மாமாவுக்கே அந்தச் சந்தேகம் உண்டு. மச்சான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மாமா யார் யாரையோ பார்த்து, ஆவடியில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் நைனாவுக்கு வேலைக்கு ஏற்பாடு செய்தார். எல்லாம் முடிந்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அம்மா விடியற்காலையில் தலைக்குக் குளித்து விளக்கேற்றினாள். நைனா இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறப் போனார். சாயங்காலம் வந்து, "நெஞ்சளவு பத்தலயாம்" என்றார்.  அம்மா சோறு போட்டாள்.

ஒரு வாரம் கழித்து மாமா செருப்புக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

"இன்னாடா நெஞ்சளவு? நீ அங்க போகவே இல்லையாமே! கேட்டுகினு வரேன். ஒவ்வொருத்தன் கால்ல உழுந்து வாங்கின வேல அது. அன்னிக்கு எங்கடா போன நீ?"

நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கத்திக் கத்தி ஓய்ந்து போனார். அவருக்குப் பின்னாலேயே அத்தை வந்தாள். அவளுக்குக் கத்தத் தேவையில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக, "ஆவடி லைன்ல எவளாச்சும் கீறாளான்னு வெசாரி" என்றாள்.

அன்றிலிருந்து நான் நைனாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு அவரைவிட அம்மாதான் விசித்திரமாகப் பட்டாள். புருஷன் பொய் சொன்னது அம்பலமாகிவிட்டது. அரசாங்க வேலை போய்விட்டது. எந்தப் பெண்பிள்ளைக்கும் வயிறு எரியும். அம்மா கோபப்படவே இல்லை. நைனா சாப்பிட்ட தட்டை எடுத்தபோது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். இவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

மழைக்காலம் முடிகிற சமயம் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். எழுத்தெல்லாம் நன்றாகப் படித்தேன். கடைசியில் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். பக்கம் முழுக்கப் புள்ளி. "உள்ள இன்னா நம்பர் தெரியுது?" என்று கேட்டார் வந்தவர். எனக்கு ஒரு நம்பரும் தெரியவில்லை. அவர் பக்கத்தைத் திருப்பினார். அதிலும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நம்பரைக் கத்தினார்கள். ஏதோ எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியலம்மா உனக்கு. பொண்ணுங்களுக்கு இது வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார் அவர்.

அப்போதுதான் பழைய விஷயம் ஒன்று உறைத்தது. என் கலர் பென்சில் டப்பாவில் பச்சைப் பென்சிலின் அடியை அம்மா பல்லால் கடித்து வைத்திருப்பாள். யாராவது எடுத்தால் அடையாளம் தெரியும் என்பாள். மற்ற பென்சில்களில் ஏன் கடிக்கவில்லை என்று நான் கேட்டதே இல்லை. ஆக, அம்மாவுக்கு முன்பே தெரியும்.

அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர் பட்டாணிச் செடிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்ன வயது டீச்சர். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் என்ன பிறக்கும் என்று ஒரு சதுரம் போட்டு, நாலாகப் பிரித்துக் காட்டினார். அப்பா தருவது மேலே, அம்மா தருவது பக்கத்தில். கட்டங்களை நிரப்பினால் பிறக்கப்போகிற பிள்ளைகள். என் கண் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. பாடத்தில் இல்லாததைச் சொல்லித்தர வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதையே இவளுக்குப் போட்டுப் பார்க்கலாமா? இந்தக் குறை எக்ஸ்ங்கிற குரோமோசோம்ல உக்காந்திருக்கு. ஆம்பிளைக்கு எக்ஸ் ஒண்ணுதான். பொம்பளைக்கு ரெண்டு. ரெண்டுல ஒண்ணு நல்லதா இருந்தாலே பொண்ணுக்குக் கண்ணு சரியாத் தெரியும். இவளுக்குத் தெரியலைன்னா ரெண்டுமே குறை. ஒண்ணு அம்மா குடுத்தது. அம்மா இன்னொண்ணு நல்லதா வச்சிருக்கலாம், அதனால அவங்களுக்குத் தெரியும். ஆனா அப்பாகிட்ட இருக்கிறதே ஒண்ணு. அதைத்தான் இவளுக்குக் குடுத்திருக்கார். அப்போ அப்பாவுக்கு?"

"நிறம் தெரியாது மிஸ்!" என்றது வகுப்பு.

"கண்டிப்பா தெரியாது. தப்பிக்கவே முடியாது. உங்கப்பா என்னம்மா வேலை செய்யறார்?"

"பேனல் போர்டுக்கு ஒயரிங் மிஸ்."

டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. "ஒயரிங்கா? கலர் கலரா ஒயர் இருக்குமே?"

"ஆமா மிஸ். எல்லாம் அவர்தான் போடுவார்."

அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். முதலில் குழப்பம். பிறகு ஏதோ புரிந்த மாதிரி ஒரு திடுக்கிடல். பிறகு என்மேல் ஒரு பரிதாபம். அவசர அவசரமாகக் கரும்பலகையை அழித்தார். "உக்காரும்மா. சில சமயம் வேற மாதிரியும் வரலாம்" என்றார். மணி அடித்ததும் அருகில் வந்து, "வீட்டுல இதைப் பத்திப் பேசாத" என்று ரகசியமாகச் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நைனா என் அப்பா இல்லை என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டார். வகுப்பில் எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. அத்தையின் சின்ன மகளும் என் வகுப்புதான். மூன்றாவது பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிற போகிற ஆண்களை எல்லாம் உற்றுப் பார்த்தேன். அம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட்ட டெய்லர், தீபாவளிக்கு இனிப்பு கொடுத்தனுப்பும் கம்பெனி முதலாளி, கெரசின் கடைக்காரர். இவர்களில் யாருக்குச் சிவப்பு தெரியாது? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எனக்குச் சிவப்பு தெரிய வேண்டும். எனக்கும் தெரியாது! கண்ணாடியில் என் மூக்கையும் நெற்றியையும் பார்த்தேன். எல்லாம் நைனாவைப் போலத்தான் இருந்தது. அதையும் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளையல் கடையில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று வாங்கி, கடைக்காரரிடமே கேட்டுத் தனித்தனிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். நைனா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் நீட்டினேன்.

"இதுல எது நைனா செவப்பு?"

எண்ணெய்க் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ரெண்டுமே நல்லாத்தான் கீது. உங்கம்மாவ கேளு."

"நீ சொல்லு நைனா."

உள்ளேயிருந்து அம்மா விறுவிறுவென்று வந்தாள். "இந்தக் கையில செவப்பு, அந்தக் கையில பச்ச. படிக்கிற புள்ளைக்கு வளையல் ஒரு கேடா? உள்ள போ."

அம்மா ஏன் குறுக்கே விழுகிறாள்? இந்தப் பேச்சு வளரக் கூடாது என்று யாருக்குப் பயம்?  நைனாவுக்கு வளையல் மேல் அக்கறை இல்லை, அம்மாவுக்குத்தான் நடுக்கம் என்று கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

தை மாதம் அத்தையின் பெரிய மகளுக்கு வளைகாப்பு. அத்தை வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. நூம்பலிலிருந்து சொந்தமெல்லாம் வந்திருந்தது. வாசலில் ஷாமியானா. ஆண்கள் வெளியே மடக்கு நாற்காலியில். உள்ளே புளிசாதம், எலுமிச்சை சாதம், சந்தனம், மல்லிகை எல்லாம் கலந்து மூச்சு முட்டுகிற வாசனை. அத்தை மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்தில் சந்தனம் தடவி, தட்டிலிருந்து வளையல் எடுத்துப் போட்டார்கள். பிள்ளை யாரைக் கொண்டு பிறக்கும் என்றுதான் பேச்சு.

அம்மாவின் முறை வந்தது. வளையலை எடுத்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ போடாத."

"ஏன் அண்ணி?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல கட்டம் போட்டுக் காட்டிட்டாங்க. உம் பொண்ணு எங்க ஊட்டு ரத்தம் இல்லியாம். எங்க சின்னது காதால கேட்டுகினு வந்து சொல்லுச்சு. இத்தினி நாளு வாய மூடிகினு இருந்தேன். என் பொண்ணு வயித்துப் புள்ளைக்கு உன் கை வேணாம்."

 தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு நைனா அப்போதுதான் வாசற்படி ஏறியிருந்தார்.  அம்மா அவரைப் பார்த்தாள். பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை அசைத்தாள். முடிந்தது, அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன்.

நைனா கேனை இறக்கி வைத்தார். பெண்கள் நடுவே வந்து வளையல் தட்டை எடுத்தார்.

"அக்கா, இதுல செவப்பு எது, பச்ச எது? நீ சொல்லு."

"இன்னாடா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. எனக்குத் தெரியாது. பொறந்ததுலேந்து எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆவடியில டாக்டரு புள்ளி வச்ச புத்தகத்தக் காட்டுவாருன்னு ஒருத்தன் சொன்னான். பயந்துகினு ஸ்டேஷன் பெஞ்சுலயே உக்காந்துட்டு வந்துட்டேன். இது எம் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். எம் பொண்ணுக்கு அது என்கிட்டேந்து வந்தது."

"பொண்டாட்டியக் காப்பாத்த கத உடறான்" என்றாள் அத்தை. அவள் குரல் முன்போல இல்லை. ஆனாலும் சொன்னாள்.

சத்தம் கேட்டு மாமா உள்ளே வந்திருந்தார். வெளியே போய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து துண்டு ஒயர்களை அள்ளிக்கொண்டு வந்தார். தரையில் போட்டார். "செவப்ப எடு" என்றார். நைனா குனிந்து ஒன்றை எடுத்தார். "பச்ச எர்த் ஒயர எடு." இன்னொன்றை எடுத்தார். எது சரி, எது தப்பு என்று எனக்கும் தெரியவில்லை. மாமாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அது வெளுத்துக்கொண்டே போனது.

"தெரிஞ்சேதான் தப்பா எடுக்கறான்" என்றாள் அத்தை.

"சும்மா இருடி" என்றார் மாமா. "அலமாரியில யாரையும் கை வைக்க உடமாட்டான். ஏன்னு இப்பத்தான் புரியுது, எடத்த வச்சுத்தான் கலரப் பிரிச்சிருக்கான். செம்பு திருடறான்னு நெனச்சுகினு இருந்தேன் நானு."

 அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சின்ன வயசுல கொய்யா பறிக்கச் சொன்னா காயாவே பறிச்சுப் போடுவான். வேணும்னே பண்றான்னு தலையில குட்டுவேன். அழுவான்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அம்மா கையிலிருந்த வளையலைத் தட்டில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். நைனா பின்னால் வந்தார். தெருமுனை திரும்பியதும் அவர்மேல் பாய்ந்தாள்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னாங்க? நான் கேட்டனா? அண்ணி நாலு வார்த்த பேசினா பேசிட்டுப் போறாங்க. ஃபோர்மேன் முன்னால போய்ச் சொல்றியே, நாளைக்கு ஒயரு எவன் குடுப்பான் உனக்கு?"

"அதுக்காவ? உன்ன அப்படிச் சொல்லிகினு இருப்பாங்க, நான் தண்ணி ஊத்திகினு இருக்கணுமா?"

அம்மா நடுத்தெருவில் நின்று அழுதாள். என் கையை மட்டும் விடவில்லை. அவள் பிடியில் விரல் வலித்தது. அந்தத் தலையசைப்புக்கு அர்த்தம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் பெயர் கெட்டாலும் சரி, அவர் வேலை போகக் கூடாது என்று அவள் தலையை அசைத்திருக்கிறாள்.

வேலை விஷயத்தில் அம்மா சொன்னபடிதான் நடந்தது. மாமா மறுநாளே, அனுப்புவதற்கு நின்ற பெட்டிகளை எல்லாம் திறந்து ஒயர் ஒயராகப் பார்த்தார். ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. ஆனாலும் நைனாவை ஒயரிங்கிலிருந்து எடுத்து, தகட்டில் ஓட்டை போடுகிற வேலைக்கு மாற்றினார். சம்பளம் குறைந்தது. "இத்தினி வருஷம் நல்லபடியா போச்சு. ஒரு நாள் மாறினா ஒரு உசுருடா" என்றாராம். "அவரு எடத்துல நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்" என்றார் நைனா. உண்மையிலேயே அப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. டெஸ்டர் மட்டும் ரொம்ப நாள் பையிலேயே இருந்தது. அது எப்போது, எங்கே தொலைந்தது என்றும் தெரியாது.

டீச்சரிடம் போய், "எங்கப்பாவுக்கும் கலர் தெரியாது மிஸ்" என்றேன்.  "யாரும்மா உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாங்க?" என்றார். ஒயரிங் செய்கிறவருக்கு நிறம் தெரியும் என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி. அத்தை பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றபோதுதான் நம்பினார். அத்தை வந்தது என்னைப் பற்றிப் பேச அல்ல. இந்தக் குறை தன்னையும் பெற்ற தாய் வழியாகத்தான் தம்பிக்கு வந்தது என்றால், தனக்கும் வந்திருக்குமா, தன் மகள் வயிற்றில் இருப்பதற்கும் போகுமா என்று கேட்க வந்தாள். டீச்சர் அவளுக்கும் சதுரம் போட்டுக் காட்டினாராம். வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் கட்டம் சொன்னது. அத்தைக்கு அது போதவில்லை. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று அம்மாவிடம் கேட்டாள்.

"பையனா பொறந்தா எத்தினி வயசுல தெரியும் இது?"

அம்மா அவளை உட்காரச் சொல்லி, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. அத்தை டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா, "வா, மார்க்கெட்டுக்குப் போவலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். காய்கறி வாங்க அவர் போனதே கிடையாது. அது எப்போதும் அம்மாவின் வேலை. சைக்கிளில் அம்பத்தூர் வரை மிதித்தார். தக்காளிக்காரியிடம் பையை நீட்டி, சத்தமாகவே சொன்னார்.

"எனக்குக் கலர் தெரியாதும்மா. பழுத்ததா பார்த்து நீயே போடு."

"இன்னா அண்ணாத்தே, காலையிலேயே கலாய்க்கிறியா? பொண்ணுதான் கூட வந்துகீதே, அது பொறுக்கட்டும்."

"அதுக்கும் தெரியாது. எம் பொண்ணு. அப்படியே என்ன மாதிரி" என்றார் நைனா, என் தலையில் கையை வைத்து. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

நாங்களே பொறுக்கிப் போட்ட பையை வீட்டில் அம்மா கவிழ்த்தாள். பாதிக்கு மேல் காய். பார்த்துக்கொண்டே இருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"எங்கப்பாவும் இப்படித்தான் வாங்கிகினு வருவாரு" என்றாள், காயையும் பழத்தையும் பிரித்துக்கொண்டே. "அவருக்கும் தெரியாது. அவர்கூடவே வளர்ந்தவதானே நானு, எனக்குப் பழக்கம். கல்யாணம் ஆன மறுவாரமே உங்க நைனாவக் கண்டுபிடிச்சுட்டேன். எனக்கு ஒரு பொடவ எடுத்துகினு வந்தாரு. செவப்பு உனக்கு நல்லாருக்கும்னு தேடித் தேடி எடுத்தேன்னாரு. பிரிச்சுப் பாக்கறேன், பச்சப் பொடவ. ஒண்ணும் சொல்லல. செவப்புன்னா எனக்கு உசுருன்னு சொல்லிக் கட்டிகினேன்."

நைனா கையில் ஒரு தக்காளியோடு அப்படியே நின்றார்.

"அது பச்சையா?" என்றார்.